எறிந்ததும் விட்டுப்போனதும்: நேக் சந்தும் வன்னியின் பொருள்களும்

சண்டிகரின் பாறைத் தோட்டத்தைப் பற்றி எழுதுவோர் ‘கழிவிலிருந்து கலை’ என்ற தொடரைத் தாண்டுவது அரிது. அதை ஆக்கிய நேக் சந்த் (1924–2015) பிரிவினையின்போது இன்றைய பாகிஸ்தான் பக்கமிருந்து வந்தவர். பொதுப்பணித் துறையில் வீதிப் பரிசோதகர். 1950களின் பிற்பகுதியில் ஒதுக்கக் காட்டில் களவாகத் தொடங்கிய வேலை, 1976இல்தான் மக்களுக்குத் திறக்கப்பட்டது. உடைந்த வளையல்கள் அங்கே பெண்ணுருவங்களுக்கு ஆடையாயின. சைக்கிள் சீற் மிருகத் தலையாயிற்று, சைக்கிளின் முன்கவை அதன் காலாயிற்று.

அந்த வளையல்கள் யாருடையவை? லெ கொர்பூசியே திட்டமிட்ட இந்த நகரத்துக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் சிதைவுகளும் நேக் சந்த் பொறுக்கியவற்றில் உண்டு. ஊரிழந்த ஒருவர் ஊரிழந்த வேறு சிலரின் வீட்டுச் சாமான்களால் தமக்கொரு ஊர் கட்டினார். ‘கழிவு’ என்றதும் அந்த வேறு சிலர் காணாமற்போகிறார்கள். நேக் சந்தை நான் குறைகூறவில்லை. அவரைப் புகழும் சொல்லோடுதான் எனக்குப் பிணக்கு.

இலங்கையின் வன்னியில் ‘கழிவு’ என்ற அச்சொல் ஒருநாளும் பொருந்தாது. இறுதிப் போரின்போது, 2009இன் தொடக்கத்தில், கிளிநொச்சிப் பக்கத்துச் சனம் விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று நகர நகர மூட்டை சிறுத்தது. கதிரை மேசை முதலில் நின்றது. கடைசியில் சைக்கிளும் நின்றது. வெள்ளமுள்ளிவாய்க்காலில் வாகனங்களும் சைக்கிள்களும் குவியலாக வருடக்கணக்கில் துருவேறிக் கிடந்தன. அவற்றை எவரும் எறியவில்லை.

சேலையை எடுத்துக்கொள்வோம். பங்கருக்கு மண்மூட்டை அடுக்க உரப்பை போதாமற்போனபோது சேலையை வெட்டிப் பை தைத்தார்கள்; கூறைச்சேலையும் அதற்குத் தப்பவில்லை. மணல் பிதுங்கும் பட்டு, தையலோரத்தில் சரிகைக் கரை. இதைக் கண்டெடுக்கும் சிற்பி எதை உருமாற்றப் போகிறார்? உருமாற்றம் அவர் வருமுன்பே, செல்லடிக்குள், உடுத்தவளின் கையாலேயே முடிந்துவிட்டது.

காட்சிப்படுத்தலும் கலைஞரை முந்திக்கொண்டது. கிளிநொச்சியில் சரிந்த தண்ணீர்த் தாங்கி சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சியாயிற்று. புதுக்குடியிருப்பில் கைப்பற்றிய ஆயுதங்களைப் படையினர் வரிசைப்படுத்தினர். அந்த வரிசையில் சட்டிபானைக்கு இடமிருக்கவில்லை.

ஆகவே இங்கு கலைஞருக்குரிய முறை பொறுக்குவதல்ல, கேட்டு வாங்குவது. ஓவியர் தா. சனாதனன் 2010இல் வன்கூவர் மானிடவியல் அருங்காட்சியகத்தில் அப்படித்தான் செய்தார்: கனடாத் தமிழரிடம் அவரவர் வீட்டை நினைவூட்டும் பொருளைக் கேட்டுப் பெற்றுக் காட்சியாக்கினார். பொருளோடு கொடுத்தவரும் அங்கே இருந்தார்.

வன்னியில் சனம் தாமே தெரிந்தெடுத்த பொருள் இன்னும் எளியது. போர் முடிந்த மே 18ஐ ஒட்டி வீதியோரங்களில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வார்ப்பது பெரும்பாலும் சிரட்டையில். அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு என்றிருந்த நாட்களின் கஞ்சி அது. தேங்காய் துருவியபின் மிஞ்சும் சிரட்டைக்கு உரிமை கோர ஆளில்லை. குடித்து முடித்ததும் ஒரு மூலையில் குவிக்கிறார்கள். காய்ந்தபின் அடுப்புக்குப் போகும்.