விசாரணை இல்லாத தண்டனை: இணைய விளையாட்டுகளில் தடையின் வரலாறு

இணைய விளையாட்டுகளில் ‘தடை’ என்பது, ஒருவரது கணக்கை நிறுவனம் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ முடக்கி, அவர் பணம் கொடுத்து வாங்கிய ஆட்டத்திலிருந்தும் அதில் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த பொருள்களிலிருந்தும் அவரை விலக்கிவைக்கும் தண்டனையாகும். ஆட்டக்காரர்கள் ‘ஐடி பான் ஆகிவிட்டது’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் இந்த நிகழ்வின் வரலாறு, எழுத்தாலான முதல் கூட்டு ஆட்டங்களின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அந்த வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்துவந்தால், தண்டிப்பவருக்கும் தண்டிக்கப்படுபவருக்கும் இடையிலான தூரம் படிப்படியாகக் கூடிவந்திருப்பதும், தவறாகத் தண்டிக்கப்பட்டவர் தம் தரப்பைச் சொல்வதற்கான வழி அதற்கேற்பக் குறுகிவந்திருப்பதும் புலப்படும். ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் தவறாகத் தண்டிக்கப்பட்டபோது நிறுவனங்கள் பிழையைக் கண்டுகொண்டு திருத்தியிருக்கின்றன. ஒருவர் மட்டும் சிக்கியபோது அவருக்கு எஞ்சியது பெரும்பாலும் நீதிமன்றப் படியேறுவதுதான்.

இத்தகைய ஆட்டங்களின் மூதாதை, பிரிட்டனின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா 1978இல் எழுதத் தொடங்கி, பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் விரித்தெழுதிய ‘மட்’ என்னும் ஆட்டம். படம் ஏதுமின்றி எழுத்தாலேயே ஆன அந்த உலகில் போதிய புள்ளிகளைச் சேர்த்தவர் ‘விஸார்ட்’, அதாவது மந்திரவாதி, என்னும் தகுதியை அடைந்தார். அவரால் பிறர் கண்ணில் படாமல் உலவவும், இன்னொருவர் தம் திரையில் காண்பதை ஒளிந்திருந்து பார்க்கவும், மரண விரல் என்று பொருள்படும் ஒரு கட்டளையால் ஒரு பாத்திரத்தை அழிக்கவும் முடிந்தது. இவ்வளவு அதிகாரம் விளையாட்டுப் பித்தர்களின் கையில் இருந்தபோது அது மனம்போன போக்கில் பயன்படக்கூடியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தண்டித்தவர் அதே ஆட்டத்தில் அடிமட்டத்திலிருந்து ஏறிவந்தவர். அந்த நேரத்தில் அங்கேயே இருந்தவர். ‘ஏன்’ என்று கேட்டால் ஏதாவதொரு பதிலைச் சொல்லியாக வேண்டிய நிலையில் இருந்தவர்.

தண்டிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் கேள்வி முதன்முதலில் பரவலாக எழுந்தது, ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய பாவெல் கர்ட்டிஸ் 1990இல் உருவாக்கிய ‘லாம்டாமூ’ என்னும் எழுத்துலகத்தில்தான். மந்திரவாதிகள் இனி ஆட்டக்காரர்களின் சமூகச் சச்சரவுகளில் தலையிடப்போவதில்லை என்று கர்ட்டிஸ் 1992இன் இறுதியில் அறிவித்துவிட்டுப் பொறுப்பை மக்களிடமே விட்டிருந்தார். 1993இல் மிஸ்டர் பங்கிள் என்னும் பாத்திரத்தை இயக்கியவர், பிறருடைய பாத்திரங்கள் மீது பாலியல் வன்முறையைச் சொற்களால் நிகழ்த்திக் காட்டியபோது அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. அவரைத் ‘தேரையாக்க’ வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பழைய மட் ஆட்டங்களில் குற்றவாளியின் பாத்திரத்தைத் தேரையாக உருமாற்றிக் காட்டும் வழக்கம் இருந்தது. லாம்டாமூவில் அந்தச் சொல் கணக்கை அடியோடு அழிப்பதைக் குறித்தது. கூட்டம் கூடி நெடுநேரம் விவாதித்தும் முடிவு எட்டப்படாத நிலையில், மந்திரவாதிகளில் ஒருவர் தாமாகவே அந்தக் கணக்கை அழித்தார். பத்திரிகையாளர் ஜூலியன் டிபெல் இதைப் பற்றி நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை பெரும் கவனம் பெற்றது. கர்ட்டிஸோ மனு எழுதுதல், வாக்கெடுப்பு ஆகிய முறைகளை அந்த உலகுக்குள் கொண்டுவந்தார்.

குற்றவாளி என்று அனைவரும் ஏற்றுக்கொண்ட ஒருவரைத் தண்டிக்கவே இத்தனை பேர் இவ்வளவு நேரம் வாதிட்டார்கள் என்பது, பிற்காலத் தடைகளோடு ஒப்பிடுகையில் வியப்பளிக்கிறது. நீக்கப்பட்டவர் வேறு பெயரில் விரைவிலேயே திரும்பி வந்தார் என்பதையும், வாக்கெடுப்புச் சண்டைகளால் களைத்துப்போன மந்திரவாதிகள் 1996இல் அதிகாரத்தைத் தங்களிடமே திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆட்டம் வணிகமானபோது நீதியும் வணிகத்தின் ஒரு செலவினமாயிற்று. ஓரிஜின் சிஸ்டம்ஸ் 1997இல் வெளியிட்ட ‘அல்டிமா ஆன்லைன்’, மாதச் சந்தா செலுத்தியோரைப் பல்லாயிரக்கணக்கில் ஈர்த்தது. அவர்களுடைய புகார்களைக் கேட்க ‘கேம் மாஸ்டர்’ எனப்பட்ட சம்பள ஊழியர்களும், அவர்களுக்கு உதவியாக ஊதியமில்லாத் தொண்டர்களும் அமர்த்தப்பட்டார்கள். கேம் மாஸ்டர் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பாத்திரமாகத் தோன்றிப் பேசுவார் என்பதால், வரிசையில் காத்திருக்க நேர்ந்தாலும், இறுதியில் ஒரு மனிதர் எதிரே வந்து நின்றார். தொண்டர்கள் செய்தது உண்மையில் வேலைதான், அதற்குக் கூலி தரப்பட வேண்டும் என்று 2000இல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஏஓஎல் நிறுவனத்தின் தொண்டர்கள் தொடுத்த வழக்கு இதற்கு முன்னோடியாக இருந்தது. வாடிக்கையாளர் சேவை என்பது ஆட்களையும் பணத்தையும் விழுங்கும் துறை என்பதை நிறுவனங்கள் அப்போதே கற்றுக்கொண்டன.

அல்டிமா ஆன்லைனின் சோதனைக் காலத்தில், 1997 ஆகஸ்டில் நடந்த ஒரு நிகழ்வு இங்கே குறிப்பிடத்தக்கது. ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் காரியட் தாமே இயக்கிய ‘லார்டு பிரிட்டிஷ்’ என்னும் மன்னர் பாத்திரத்தை, சாகாவரத்தை மீண்டும் இயக்க அவர் மறந்திருந்த தருணத்தில், ரெயின்ஸ் என்னும் பாத்திரம் தீ மந்திரத்தால் கொன்றது. ரெயின்ஸின் கணக்கு பின்னர் தடைசெய்யப்பட்டது. அரசரைக் கொன்றதற்காகத் தடை இல்லை, ஆட்டத்தின் பிழைகளைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தியதாக ஏற்கெனவே வந்திருந்த புகார்களுக்காகத்தான் என்று நிறுவனத் தரப்பு விளக்கியது. ஆட்டக்காரர்களில் பலர் அதை நம்பவில்லை. விளக்கம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆதாரத்தை வெளியில் வைக்காத தீர்ப்பு, சரியாக இருக்கும்போதும் ஐயத்துக்கு இடம்கொடுக்கும் என்பதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டு.

இதே காலத்தில் பயனர் ஒப்பந்தம் வலுப்பெற்றது. ஆட்டத்துக்குள் நுழையும்போது படிக்காமலேயே ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தப்படும் அந்த நீண்ட ஆவணம், எந்தக் காரணத்துக்காகவும் கணக்கை முடக்கும் உரிமையை நிறுவனத்துக்கு அளிப்பதோடு, வாங்கியவருக்கு உடைமை எதுவும் இல்லை, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே உண்டு என்றும் சொல்கிறது. இந்த நிலைப்பாட்டை முதலில் அசைத்தவர்களில் ஒருவர் சீனாவைச் சேர்ந்த லீ ஹோங்சென். ‘ரெட் மூன்’ என்னும் ஆட்டத்தில் ஈராண்டு உழைத்து அவர் சேர்த்த ஆயுதங்கள் 2003இல் களவுபோயின. நிறுவனம் திருடியவரின் விவரத்தைத் தர மறுத்தது. காவல் துறையிடம் சென்றும் பயனில்லாததால் அவர் வழக்குத் தொடுத்தார். அந்தப் பொருள்கள் வெறும் தரவுக் குவியலே என்று நிறுவனம் வாதிட்டபோதும், அவற்றை மீட்டுத் தரும்படி பெய்ஜிங்கின் சாவோயாங் மாவட்ட நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் உத்தரவிட்டது. ஒரு புகாரைப் பொறுப்போடு கையாண்டிருந்தால் முடிந்திருக்கக்கூடிய விவகாரம், சட்ட நூல்களில் எடுத்தாளப்படும் வழக்காயிற்று.

அமெரிக்காவில் ‘செகண்ட் லைஃப்’ உலகில் நிலம் வாங்கி விற்றுவந்த மார்க் பிராக் என்னும் வழக்கறிஞரின் கணக்கை, ஏல முறையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி 300 டாலருக்கு ஒரு நிலத்தை வாங்கிவிட்டார் என்று சொல்லி, லிண்டன் நிறுவனம் 2006இல் முடக்கியது. அவர் ஓட்டையைப் பயன்படுத்தினாரா என்பது தனிக் கேள்வி. அந்த ஒரு நிலத்தோடு நில்லாமல் அவரது உடைமை முழுவதும் பறிபோனதே வழக்குக்குக் காரணம். தகராறுகளைச் சான் பிரான்சிஸ்கோவில் செலவு மிகுந்த நடுவர் மன்றத்தில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஒப்பந்த விதி நியாயத்துக்குப் புறம்பானது என்று பென்சில்வேனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2007 மே மாதம் தீர்ப்பளித்தது. சில மாதங்களில் சமரசம் ஏற்பட்டு அவருக்குக் கணக்கு திரும்பக் கிடைத்தது. வாதியே வழக்கறிஞராக இருந்தது இந்த வெற்றிக்கு எவ்வளவு உதவியது என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

2000க்குப் பின் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்கள் பெருகியபோது, சுவருக்கு அப்பாலிருக்கும் எதிரியைக் காட்டும், தானே குறிபார்த்துச் சுடும் ஏமாற்று நிரல்களும் பெருகின. அவற்றைப் பிடிக்க ‘பங்க்பஸ்டர்’, வால்வ் நிறுவனம் 2002இல் கொண்டுவந்த ‘வாக்’, ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தின் ‘வார்டன்’ போன்ற காவல் நிரல்கள் வந்தன. இவை ஆட்டக்காரரின் கணினி நினைவகத்தைத் துழாவி, அறியப்பட்ட ஏமாற்று நிரலின் அடையாளம் தென்படுகிறதா என்று பார்க்கின்றன. எந்த அடையாளத்தால் பிடிபட்டார் என்பதைச் சொன்னால் ஏமாற்று நிரலை எழுதுபவர் அதை மாற்றிவிடுவார் என்பதால், குற்றத்தின் விவரம் சொல்லப்படுவதில்லை. அதே காரணத்துக்காகப் பிடிபட்டவர்களை உடனே நீக்காமல், சில வாரங்கள் கழித்து மொத்தமாக நீக்கும் ‘பான் அலை’ என்னும் முறையும் தோன்றியது. இந்த வாதத்தில் நியாயம் உண்டு. மேல்முறையீடு செய்பவர்களில் பலர் உண்மையிலேயே ஏமாற்றியவர்கள் என்பதும், ‘தம்பி விளையாடிவிட்டான்’ என்னும் சாக்கை நாள்தோறும் படிக்கும் ஊழியருக்கு யார்மீதும் நம்பிக்கை பிறப்பது கடினம் என்பதும் உண்மையே. ஆனால் திருடனிடமிருந்து மறைப்பதற்காக வகுத்த இரகசியம், குற்றமற்றவரிடமிருந்தும் குற்றச்சாட்டை மறைத்துவிட்டது.

வால்வ் நிறுவனத்தின் விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: வாக் தடை நிரந்தரமானது, வாடிக்கையாளர் சேவைப் பிரிவினரால் அதை நீக்க முடியாது, தவறென்று கண்டறியப்பட்டால் அது தானாகவே நீங்கும். தவறென்று கண்டறிவது யார், எப்போது என்பதற்கு வரலாறுதான் விடை தருகிறது. 2006இல் லினக்ஸ் கணினிகளில் ‘செடேகா’ என்னும் இடைநிரல் வழியாக வார்கிராஃப்ட் ஆடியவர்கள் தடைசெய்யப்பட்டார்கள். பலர் சேர்ந்து குரல்கொடுத்தபின் அவர்களுடைய கணக்குகள் மீண்டன. 2010இல் ‘மாடர்ன் வார்ஃபேர் 2’ ஆட்டத்தின் ஏறத்தாழ 12,000 பேர், ஆட்டக் கோப்பு புதுப்பிக்கப்படும் வேளையில் வட்டிலிருந்த பிரதியும் நினைவகத்திலிருந்த பிரதியும் பொருந்தாமல் போனதால், இரண்டு வார காலத்தில் தவறாகத் தடைசெய்யப்பட்டார்கள். வால்வ் நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் வேறோர் ஆட்டத்தை இலவசமாக அளித்தார். 2023 அக்டோபரில் ஏஎம்டி நிறுவனத்தின் காட்சி அட்டைக்கான புதிய டிரைவர், ‘கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2’ ஆட்டத்தின் கோப்புகளில் கைவைத்ததால் அதைப் பயன்படுத்தியவர்கள் தடைக்குள்ளானார்கள். டிரைவர் திரும்பப் பெறப்பட்டது, தடைகள் நீக்கப்பட்டன.

இவற்றினும் விபரீதமான நிகழ்வு 2008 மார்ச்சில் நடந்தது. பங்க்பஸ்டர் சில எழுத்துத் தொடர்களைத் தேடுகிறது என்று கண்டுபிடித்த குறும்பர்கள், ஆட்டக்காரர்கள் கூடிப் பேசும் அரட்டை அறைகளில் அந்தத் தொடரை எழுதினார்கள்; அரட்டைச் சாளரத்தைத் திறந்துவைத்திருந்தவர்களின் நினைவகத்தில் அது பதிந்ததால், எந்தத் தவறும் செய்யாதவர்கள் ஏமாற்றுக்காரர்களாகக் குறிக்கப்பட்டார்கள். 2024இல் ‘கால் ஆஃப் டியூட்டி’ ஆட்டத்தின் ‘ரிக்கோஷே’ காவல் நிரலையும் இவ்வாறே செய்தி அனுப்பி ஏமாற்றியதாக ஒருவர் உரிமை கொண்டாடினார். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டதாக அவர் சொன்னார். சிறு எண்ணிக்கையிலானோரே பாதிக்கப்பட்டதாக ஆட்டத்தை வெளியிடும் ஆக்டிவிஷன் கூறி, குறையைச் சரிசெய்ததாக அறிவித்தது. பதினாறு ஆண்டு இடைவெளியில் அதே தந்திரம் மீண்டும் பலித்திருக்கிறது. தூண்டியவரே வெளியில் வந்து சொல்லியிராவிட்டால், பாதிக்கப்பட்டவர்களின் மறுப்பை எவர் நம்பியிருப்பார்?

ஒருகாலத்தில் இத்தகைய மறுப்பைக் கேட்ட கேம் மாஸ்டரின் இடத்தில் இப்போது பெரும்பாலும் ஒரு படிவமும், முன்கூட்டியே எழுதிவைத்த பதிலும் இருக்கின்றன. வருவாயில் சாதனை படைத்ததாக அறிவித்த அதே நாளில், 2019 பிப்ரவரியில், ஆக்டிவிஷன் பிளிஸார்ட் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேரை நீக்கியது. ஆட்டத்தை உருவாக்கும் பிரிவுகளுக்கு வெளியே இருந்தவர்களே அதில் பெரிதும் அடிபட்டார்கள். மறுபுறம், விசாரணையை ஆட்டக்காரர்களிடமே ஒப்படைக்கும் முயற்சியும் நடந்தது. ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ ஆட்டத்தில் 2011இல் தொடங்கிய ‘ட்ரைப்யூனல்’ முறையில், வசைபாடியதாகப் புகாருக்குள்ளானவரின் உரையாடலை மற்ற ஆட்டக்காரர்கள் படித்துத் தண்டனைக்கோ மன்னிப்புக்கோ வாக்களித்தார்கள். அது 2014இல் நின்றபின் வந்த தானியங்கி முறை, தண்டிக்கப்பட்டவருக்கு அவரது வசைச் சொற்களையே எடுத்துக்காட்டிற்று. வசைக்கு ஆதாரம் காட்ட முடிந்த தொழில், ஏமாற்றுக்கு ஆதாரம் காட்டுவதில் மட்டும் இன்றுவரை அசையவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், 2024 பிப்ரவரி முதல், இணையத் தளங்கள் கணக்கை முடக்கினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டைத் தானியங்கிகளை மட்டும் கொண்டு முடித்துவிடக் கூடாது என்று கட்டாயப்படுத்துகிறது. பயனர்களின் பதிவுகளைத் தாங்கும் தளங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டம், ஏமாற்று நிரல் குறித்த தடைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வாதத்துக்குரியது. பிரிட்டனிலோ, ‘கால் ஆஃப் டியூட்டி’ வரிசையில், முன்னர் சொன்ன ஆட்டத்தின் பெயரையே ஒத்துப் பின்னாளில் வந்த ‘மாடர்ன் வார்ஃபேர் II’ ஆட்டத்தில் தடைசெய்யப்பட்ட ஒருவர் ஆக்டிவிஷன் நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தார். குற்றத்துக்கான ஆதாரம் முன்வைக்கப்படாததால், ஈராண்டுக்கும் மேலான போராட்டத்துக்குப் பின், 2025 தொடக்கத்தில் தடை நீங்கியது. அதற்குள் அந்த ஆட்ட வரிசையில் மேலும் இரண்டு ஆட்டங்கள் வெளிவந்திருந்தன.