முறை வைத்த குழாய்



தமிழில் ‘முறை’ என்பதற்கு நீதி என்றும் பொருள் உண்டு. ஒருவர்பின் ஒருவராகப் பெறும் வாய்ப்பு என்றும் பொருள் உண்டு. ஏரி நீரை முறை வைத்துப் பாய்ச்சிய ஊர்களில் இவ்விரு பொருளும் ஒன்றாகவே நின்றன. மடை திறக்கும் நீர்க்கட்டி உறவு பார்த்தால் கடைமடை காய்ந்துபோகும். நாம் கூடியிருக்கும் ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் தெற்கே, டெங்கிலில் உள்ள கிடங்கிற்கு வந்து சேரும் எண்ணெய்க் குழாய் ஒன்றின் வரலாற்றையும் இச்சொல்லைக் கொண்டே விளக்க விழைகிறேன்.

குழாய் யாருக்கு உரியது என்பதே முதலில் எழுந்த வழக்கு. அமெரிக்காவில் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் கிணறுகளைவிடக் குழாய்களைக் கைப்பற்றுவதிலேயே கருத்தாயிருந்தது. கிணறு எவருடையதாயினும் எண்ணெய் குழாய் வழியேதான் சந்தைக்குச் சென்றாக வேண்டும் அல்லவா? 1906ஆம் ஆண்டின் ஹெப்பர்ன் சட்டம், இரயில்வேயைப் போலவே மாநில எல்லை கடக்கும் எண்ணெய்க் குழாய்களும் பிறர் சரக்கை நியாயமான கட்டணத்தில் ஏற்க வேண்டும் என விதித்தது. ஏற்க வேண்டும் என்றவுடன் அடுத்த கேள்வி பிறந்தது: யார் சரக்கு முன்னே செல்வது?

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்தோர்க்கு இக்கேள்வி புதிதன்று. ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டிகள் மோதாதிருக்க, நிலைய அதிகாரி ஓட்டுநரிடம் அடையாளச் சாவி ஒன்றை அளிப்பார். அது கையில் இல்லாத வண்டி அப்பகுதிக்குள் நுழையலாகாது. ஆயினும் குழாய் இரயிலினும் கடினமானது. அதில் வெற்றிடமே இல்லை. எப்போதும் நிறைந்தே கிடக்கும். ஒரு முனையில் ஒரு பீப்பாய் உட்புகுந்தால்தான் மறுமுனையில் ஒரு பீப்பாய் வெளிவரும். பின்னால் நிற்கும் போட்டியாளர் தள்ளாவிடில் முன்னால் இருப்பவரின் பெட்ரோல் நகராது.

சுத்திகரித்த பொருள்களை ஒரே குழாயில் அனுப்பும்போது அவற்றிற்கிடையே பெரும்பாலும் தடுப்பு எதுவும் வைப்பதில்லை. பெட்ரோலின் பின்னே டீசல், அதன் பின்னே விமான எரிபொருள் என ஒன்றையொன்று தொட்டபடியே செல்லும். தொடும் இடத்தில் இரண்டும் கலக்கும். வேகமாக ஓடினால் கலவை குறுகும். மெதுவாக ஓடினாலோ நின்றாலோ நீளும். முனையத்தில் அடர்த்தியை அளந்து, கலவை வந்து சேரும் தறுவாயில் வால்வை மாற்றுவர். சிறிதளவு பெட்ரோல் சேர்ந்தாலே விமான எரிபொருள் தீப்பற்றும் வெப்பநிலை தாழ்ந்துவிடும். ஆதலின் அதன் இருபுறத்துக் கலவையையும் அதனோடு சேரவிடாமல் விலக்குவர். எனவே அட்டவணை வகுப்பவர் நாளை மட்டும் பார்ப்பதில்லை. எதன் அருகே எதை வைப்பது என்பதையும் பார்க்கிறார். திருமண வீட்டுப் பந்தியில் உறவினரை அமர்த்துபவரின் சங்கடம் இதுவே!

இம்முறை 1960களில் பெருவடிவம் கொண்டது. பல நிறுவனங்கள் கூடி அமைத்த அமெரிக்காவின் கொலோனியல் குழாய், ஹியூஸ்டனையும் நியூயார்க் துறைமுகப் பகுதியையும் இணைத்தது; அதன் அட்டவணை ஐந்து நாளைக்கு ஒரு சுற்றாக அமைந்தது. இந்தியாவில் 1964இல் குவஹாத்தி – சிலிகுரி குழாய் ஓடத் தொடங்கியது.

நம் நாட்டில் போர்ட்டிக்சனில் 1960களின் தொடக்கத்தில் ஷெல், எஸ்ஸோ ஆலைகள் எழுந்தன. மலாக்காவில் 1994இல் பெட்ரோனாஸ் ஆலை இயங்கத் தொடங்கியது. 1998 ஜூன் மாதம் சிப்பாங்கில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தேவையை லாரிகளைக் கொண்டே நிறைவேற்றுவது இனி இயலாதென்பது தெளிவாயிற்று. போட்டி நிறுவனங்களே கூட்டாளிகளாகி, மலாக்காவையும் போர்ட்டிக்சனையும் டெங்கில் கிடங்கோடு இணைக்கும் பல்பொருள் குழாயை அமைத்தன. நிலையங்களில் தனித்தனிப் பெயரும் வண்ணமும் காண்கிறோம்; மண்ணுக்கடியில் அவை ஒரே வரிசையில் நிற்கின்றன. பின்னர் எஸ்ஸோவின் இடத்திற்கு 2012இல் பெட்ரோன் வந்தது. ஷெல்லின் போர்ட்டிக்சன் ஆலை 2016இல் ஹெங்யுவான் வசமாயிற்று. உரிமையாளர் மாறினர், வரிசை மாறவில்லை.

மாணவர்கள் கருத வேண்டிய செய்தி இன்னும் ஒன்றுண்டு. 2011 ஜூன் மாதம் புத்ராஜெயாவில் தொடங்கி, செம்பனை எண்ணெயிலிருந்து பெறும் உயிரி டீசலை 5 விழுக்காடு கலந்து விற்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் தோட்டப்புறங்களில் விளைந்த செம்பனை இங்கு ஒரு சிக்கலை உண்டாக்கக்கூடியது. உயிரி டீசல் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, பின்னே வரும் விமான எரிபொருளில் கரையும் இயல்புடையது. விமான எரிபொருளிலோ அது கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இன்றைய வரம்பு. ஆகவே அக்கலப்பைக் குழாயின் தொடக்கத்தில் செய்யாமல் கிடங்கில், லாரியில் ஏற்றும் தறுவாயில் செய்வதே பொருத்தம். விமானத்தின் பொருட்டு, செம்பனை எண்ணெய்க்கு அந்த வரிசையில் இடமில்லை. அது டெங்கிலுக்குச் சாலை வழியே வந்து சேர்கிறது.