முதியோருக்கு இடம் தரும் நகரம்: ஒரு வரலாற்றுப் பார்வை



எமது பெரகல சந்தியை நீங்கள் யாவரும் அறிவீர்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் நெடுஞ்சாலை இங்கேதான் பிரிகின்றது. ஒரு பாதை அப்புத்தளை, பண்டாரவளை வழியே பதுளைப் பக்கம் செல்கின்றது. மற்றையது கொஸ்லந்தையையும் தியலும நீர்வீழ்ச்சியையும் கடந்து வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. எந்த ஊருக்குப் போகவும் இந்தச் சந்தியில் பஸ் கிடைக்கும். ஆனால் அது யாருக்குக் கிடைக்கும் என்ற கேள்வியை ஒரு பனிக்காலக் காலைப் பொழுது எனக்குக் கற்றுத் தந்தது.

தோட்டத்துத் தாய் ஒருவர் கிளினிக் கொப்பியைப் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். பஸ் வந்தது. அதன் முதற்படி அவரது முழங்கால் உயரத்தில் இருந்தது. அவர் கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்குவதற்குள் இளையவர்கள் ஏறிவிட்டனர், பஸ்ஸும் புறப்பட்டுவிட்டது. இரண்டாவது பஸ்ஸிலும் அதுவே நடந்தது. அவருக்காகத் தாமதித்து நின்ற பாடசாலை மாணவன் ஒருவனைப் பார்த்து, “நீ போ ராசா, பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சு. நான் அடுத்ததுல பாத்துக்கிறேன்” என்றார் அவர். சுற்றி நின்ற பெரியவர்கள் எவரும் அசையவில்லை. அவர்களுள் நானும் ஒருவன் என்பது இன்றளவும் என் உள்ளத்தை உறுத்துகின்றது.

முதியோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்று நாம் மிம்பர்களில் அடிக்கடி கூறுகின்றோம். அது முற்றிலும் உண்மை. பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம், 24ஆம் வசனங்கள் இறைவணக்கத்தை அடுத்துப் பெற்றோரின் உரிமையையே வலியுறுத்துகின்றன. முதுமையடைந்த அவர்களிடம் சலிப்பின் ஒரு சொல்லையேனும் உதிர்க்கக் கூடாதெனத் தடுக்கின்றன. எனினும் அந்தப் பஸ் படியை எந்த மகனாலும் தாழ்த்த முடியாது. வீட்டின் கடமை முடியும் வாசலில் ஊரின் கடமை ஆரம்பிக்கின்றது. இந்த இரண்டாவது கடமையை வரலாறு எவ்வாறு நிறைவேற்றியது என்பதை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

வாசலில் நின்ற முதியவர்

கலீபா ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில் வாழ்ந்து ஹிஜ்ரி 182இல் மறைந்த இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்கள், அரச வருமானம் பற்றி எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ என்ற நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்கள். கலீபா உமர் (ரழி) அவர்கள் ஒரு வீட்டு வாசலைக் கடந்து செல்கையில் பார்வையற்ற முதியவர் ஒருவர் யாசகம் கேட்டு நிற்கக் கண்டார்கள். விசாரித்தபோது அவர் யூதர் என்று தெரிந்தது. வரியும் வறுமையும் வயோதிகமுமே தம்மை இந்நிலைக்குத் தள்ளியதாக அவர் கூறினார். கலீபா அவரது கையைப் பற்றித் தமது வீட்டுக்கு அழைத்துச் சென்று இயன்றதை வழங்கினார்கள். பின்னர் பைத்துல் மாலின் பொறுப்பாளருக்கு ஆளனுப்பி, இவரையும் இவர் போன்றவர்களையும் கவனிக்குமாறு பணித்தார்கள். ஒருவரது இளமையின் உழைப்பை அனுபவித்துவிட்டு முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியாகாது என்பதே அவர்கள் கூறிய காரணம். அத்தகையோரிடமிருந்து ஜிஸ்யா வரியும் நீக்கப்பட்டது.

இங்கு இரண்டு விடயங்கள் கவனத்திற்குரியவை. முதலாவது, கலீபா ஒரு தர்மத்தோடு திருப்தி அடையவில்லை. ‘இவர் போன்றவர்கள்’ என்ற சொல்லால் ஒரு மனிதரின் துயரத்தை ஒரு சமூகப் பிரிவினரின் உரிமையாக மாற்றினார்கள். இரண்டாவது, அந்த முதியவரின் மதம் அதற்குத் தடையாக இருக்கவில்லை. அவர் அந்த நாட்டில் உழைத்தவர், அதுவே போதுமானதாயிற்று.

இதற்கு முன்பே, கி.பி. 633இல் காலித் பின் வலீத் (ரழி) அவர்கள் ஈராக்கின் ஹீரா நகர மக்களோடு செய்த உடன்படிக்கையில் இக்கொள்கை எழுத்தில் இடம்பெற்றதாக அதே நூல் கூறுகின்றது. உழைக்க இயலாத முதியவர், நோயால் பாதிக்கப்பட்டவர், செல்வத்தை இழந்து வறியவரானவர் ஆகியோரின் வரி நீக்கப்பட்டு, அவர்களும் அவர்களது குடும்பத்தினரும் பைத்துல் மாலிலிருந்து பராமரிக்கப்படுவர் என்பது அதன் சாரம். கி.பி. 717 முதல் 720 வரை ஆட்சி செய்த உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் தமது பஸ்ரா ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், முஸ்லிம் அல்லாத குடிமக்களுள் வயது முதிர்ந்து வருமானமற்றுப் போனவர்களைத் தேடிக் கண்டறிந்து உதவுமாறு கட்டளையிட்டார்கள். அதற்குச் சான்றாக அந்த வாசல் முதியவரின் நிகழ்ச்சியையே நினைவூட்டினார்கள். உதவி கேட்டு வரும்வரை காத்திராமல் அதிகாரியே தேடிச் செல்ல வேண்டும் என்பது அதன் சிறப்பாகும்.

திமிஷ்கின் நடைபாதைகள்

உணவும் பணமும் வழங்கினால் போதுமா? நடமாட வழி வேண்டாமா? கி.பி. 1326இல் திமிஷ்க் நகரை அடைந்த பயணி இப்னு பதூதா அங்கு கண்ட வக்புகளை வியப்போடு பட்டியலிடுகின்றார். வழிப்போக்கர்களுக்கு, கைதிகளை மீட்பதற்கு, வறிய மணப்பெண்களுக்கு எனப் பல வக்புகள். அவற்றுள் ஒன்று வீதிகளைச் செப்பனிடுவதற்கானது. அந்நகரின் தெருக்களில் இரு மருங்கிலும் நடைபாதைகள் இருந்தன. நடப்போர் அவற்றிலும், சவாரி செய்வோர் நடுவிலும் சென்றனர். குதிரைக்கு ஒதுங்க வலுவில்லாத வயோதிபருக்கு அந்த நடைபாதை எத்துணை பெரிய பாதுகாப்பு! இதே பயணி 1344இல் எமது இலங்கைக்கும் வந்து பாவா ஆதம் மலையில் ஏறினார் என்பது நீங்கள் அறிந்ததே.

பிற்காலத்திலும் இம்மரபு தொடர்ந்தது. உஸ்மானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்பூலில் ஆதரவற்ற முதியோர், வலுவிழந்தோர், அநாதைகள் ஆகியோருக்காக ‘தாருல் அஜஸா’ என்ற இல்லம் 1896இல் திறக்கப்பட்டது. அதன் வளாகத்தினுள் பள்ளிவாசல், கிறிஸ்தவ தேவாலயம், யூத ஆலயம் மூன்றும் அமைக்கப்பட்டன. அந்த நிறுவனம் இன்றும் இயங்கி வருகின்றது.

எமது தீவின் சட்டங்கள்

இலங்கையிலும் இத்துறையில் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி உருவானது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 60 வயதைக் கடந்தோருக்கெனத் தேசிய சபையையும் செயலகத்தையும் ஏற்படுத்தியது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடலாகாது என்று விதித்து, பராமரிப்புக் கோரி முறையிடுவதற்கு ஒரு சபையையும் அச்சட்டம் அமைத்தது. 2006இல் வெளியான ஒழுங்குவிதிகள், வலுவிழந்தோர் அணுகக்கூடிய வகையில் பொதுக் கட்டிடங்கள் அமைய வேண்டுமெனக் கூறின. குறைந்த வருமானமுடைய முதியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025இல் 3000 ரூபாவிலிருந்து 5000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

தேவையும் வேகமாக வளர்கின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 65 வயதைக் கடந்தோர் நாட்டு மக்களில் 7.9 வீதமாக இருந்தனர். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 12.6 வீதமாயிற்று. எட்டுப் பேரில் ஒருவர் என்று கொள்ளலாம்.

தேயிலை உண்ட இளமை

இனி எமது மலைகளைப் பார்ப்போம். கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்தில், 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதென்னைத் தொழிற்சாலையை நிறுவினார். 1924இல் ரயில் பாதை பதுளையை எட்டியது. இத்தனை செல்வமும் யாருடைய முதுகில் சுமக்கப்பட்டது? தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் முதுகில். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே வழி திறந்தது. இவ்வரலாறு ஏட்டோடு முடிந்துவிடவில்லை. பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாத, அல்லது இரண்டிலும் பெயர் வேறுபடுகின்ற ஒரு முதியவருக்குச் சேமலாப நிதியைப் பெறுவதும் கொடுப்பனவைப் பெறுவதும் எத்துணை கடினம் என்பதைப் பிரதேச செயலக வாசலில் நின்றவர்கள் அறிவர். சேமலாப நிதியும் மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அன்று. ஒரே தடவையில் கைக்கு வந்து, ஒரு கல்யாணத்தோடோ ஒரு கடனோடோ முடிந்துவிடக்கூடியது.

பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் செல்கின்றனர். மலைச்சரிவின் லயன் அறையில் முதியவர் எஞ்சுகின்றார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண் மூடியது. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை எழுதப்படுவது ஒன்று; அது மக்களைச் சென்றடைந்து, குடியேற மாற்று நிலமும் கிடைப்பது வேறொன்று. மழை இரவில் வெளியேறச் சொல்லும்போது, நடக்க இயலாத மூத்தவரைச் சுமந்து செல்வது யார் என்று உங்கள் ஊரில் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுள்ளதா?

வெல்லவாய காட்டும் வழி

உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்களின் முதியோரிடம் கேட்டறிந்து 2007இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. இஸ்லாமாபாத், அம்மான், இஸ்தான்பூல், டில்லி ஆகியனவும் அவற்றுள் அடங்கும். முதியோருக்கு உகந்த நகரத்துக்கு எட்டு அம்சங்களை அது எடுத்துரைத்தது: வெளியிடங்களும் கட்டிடங்களும், போக்குவரத்து, வீடு, சமூக நிகழ்வுகளில் பங்கேற்பு, மரியாதை, தொழிலும் குடிமைப் பங்களிப்பும், தகவல், சுகாதாரமும் சமூக ஆதரவும். இத்தகைய நகரங்களின் உலக வலையமைப்பு 2010இல் தொடங்கப்பட்டது.

இலங்கையிலிருந்து அம்முயற்சிக்கு முதலில் தெரிவான நகரம் எது தெரியுமா? கொழும்பு அன்று, கண்டியும் அன்று. எமது சந்தியிலிருந்து இறங்கும் பாதையின் அடிவாரத்தில் உள்ள வெல்லவாயவே அது! மொனராகலை மாவட்டத்தின் அந்தச் சிறிய விவசாய நகரத்தை 2010களில் சுகாதார அமைச்சு தேர்ந்தெடுத்து, பல துறையினரையும் இணைத்து இப்பணியைத் தொடங்கியது. நகரம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, வைத்தியசாலை, பிரதேச சபை, செயலகம், பொதுமக்கள் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்தால் பணியை ஆரம்பிக்கலாம் என்பதே எமக்கு அதில் உள்ள பாடமாகும்.

நாம் செய்யக்கூடியது

பள்ளிவாசல் நிருவாகிகளே! வுழூச் செய்யும் இடத்தின் வழுக்கும் தரையையும், வாசற்படிகளின் ஓரத்தில் கைப்பிடி இல்லாமையையும் ஒருமுறை எழுபது வயதின் கண்ணால் பாருங்கள். ஒரு கைப்பிடிக் கம்பிக்கு ஆகும் செலவு ஒரு கந்தூரிச் சட்டிக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. ஸகாத், ஸதகா வழங்குவோரின் பட்டியலை வைத்திருக்கின்றீர்கள். மஹல்லாவில் தனித்து வாழும் முதியோரின் பட்டியலும் உங்களிடம் இருக்கட்டும். உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் ஆளுநரிடம் கேட்டது அதுவே.

இளைஞர்களே! உங்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரியும். பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு முதியவரோடு சென்று வாருங்கள். அவர் எம்மவரா, தோட்டத்துத் தமிழரா, அயல் கிராமத்துச் சிங்களவரா என்று கேளாதீர்கள். வாசலில் நின்ற முதியவரின் கையைப் பற்றிய பின்னரே கலீபா உமர் (ரழி) அவர்கள் சட்டத்தைப் பற்றிப் பேசினார்கள், அதற்குமுன் பேசவில்லை.

பெற்றோர்களே! உங்கள் தாய் தந்தையரை நீங்கள் பஸ்ஸில் ஏற்றிவிடும் விதத்தை உங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். நாளை அவர்கள் உங்களை ஏற்றிவிடும் விதம் அதுவாகவே இருக்கும்.

அன்று அந்தச் சந்தியில் மூன்றாவது பஸ் வந்தபோது, அந்த மாணவன் ஓட்டுநரின் பக்கம் சென்று கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். பிறகு திரும்பி வந்து தாயின் பையை வாங்கிக்கொண்டான். அவர் ஏறி அமர்ந்தார். அவன் பாடசாலைக்குப் பிந்திவிட்டான். மௌலவியாகிய நான் செய்யத் தவறியதை அந்தச் சிறுவன் செய்தான். அவன் கற்றிருந்த கல்வியை எமக்கும் எமது பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.