சுவரின் ஈரம் யாருடைய பொறுப்பு? பூஞ்சை, பிளேக், வாடகைச் சட்டம் குறித்துச் சில குறிப்புகள்

1873ஆம் ஆண்டு கல்கத்தாவில் டேவிட் டக்ளஸ் கன்னிங்ஹாம் என்னும் அரசு மருத்துவர் காற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 'காற்றின் நுண்ணோக்கி ஆய்வுகள்' என அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பிசுபிசுப்பான திரவம் தடவிய கண்ணாடித் தகடுகளைச் சிறைச்சாலை வளாகங்களில் காற்றுக்குக் காட்டி, அவற்றில் ஒட்டியவற்றை அவர் நுண்ணோக்கியின் கீழ் வைத்து வரைந்தார். தகடுகளில் பூஞ்சை வித்துகள் மலிந்திருந்தன. சிறையில் யாருக்கு என்ன நோய் என்பது பதிவேட்டில் இருக்கும்; ஆகவே வித்துகளின் எண்ணிக்கையை நோய்க் கணக்கோடு ஒப்பிட முடிந்தது. காலரா, வயிற்றுப்போக்கு, சீதபேதி, முறைக்காய்ச்சல், டெங்கு ஆகியவற்றுக்கும் காற்றிலுள்ள வித்துகளுக்கும் தொடர்பில்லை என்று அவர் முடிவு செய்தார்.

அம்முடிவு சரியானதே. ஆனால் அவர் ஒப்பிட்ட நோய்களின் வரிசையில் இளைப்பு நோய் இல்லை. காலராவுக்கு அஞ்சிய ஓர் அரசு காற்றில் காலராவையே தேடும் என்பதில் வியப்பில்லை. 'அலர்ஜி' என்ற சொல்லையே வியன்னாவின் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே 1906இல்தான் உருவாக்கினார். பூஞ்சை வித்தினால் மனித நுரையீரலுக்கு என்ன நேரும் என்ற கேள்வி இந்தியாவில் கைக்கெட்டும் தொலைவு வரை வந்து, கேட்கப்படாமலே போயிற்று.

இந்திய நகரங்களில் வீட்டுச் சுவரின் ஈரம் ஒரு காலத்தில் பொதுச் சுகாதாரத்தின் பொருளாக இருந்தது. பின்னர் அது வீட்டு உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான தனி வழக்காகச் சுருங்கியது. மருத்துவ அறிவு அந்த ஈரத்தை மீண்டும் நோய்க்குரியதாக ஏற்றுக்கொண்ட பிறகும் சட்டம் சுருங்கிய இடத்திலேயே நிற்கிறது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதற்குப் பம்பாயைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் டாக்டர் அக்காசியோ வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். நகராட்சி முதலில் சாடியது வீடுகளைத்தான். அழுக்கும் ஈரமும் இருளும் சேர்ந்த இடமே நோயைப் பிறப்பிக்கிறது என்ற பழைய கொள்கை அப்போதும் உயிரோடிருந்தது. வரலாற்றாசிரியர் பிரசாந்த் கிடம்பி இதனை 'இடத்தின் தொற்று' என்னும் கருத்தாக விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சாக்கடைகள் கழுவப்பட்டன, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது, வெயில் உள்ளே விழவேண்டும் என்று கூரை ஓடுகள் பிரிக்கப்பட்டன. சில வீடுகளின் மேல் 'மனிதர் வாழத் தகுதியற்றது' என்பதன் மூன்று ஆங்கில முதலெழுத்துகள் எழுதப்பட்டன. 1898இல் நிறுவப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அத்தகைய வீடுகளை இடித்தது. இடிக்கப்பட்ட வீடுகளில் குடியிருந்தவர்கள் அடுத்த தெருவின் அதே போன்ற ஈர அறைகளுக்குள் நெருங்கி அடைந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சுவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. தண்டனை குடியிருந்தவர்களுக்குக் கிடைத்தது.

அதே 1898இல் கராச்சியில் பால்-லூயி சிமோன் எலித்தெள்ளின் வழியாகப் பிளேக் பரவுவதைச் சோதனையில் காட்டினார். பல ஆண்டுகள் அது ஏற்கப்படவில்லை. 1905க்குப் பின் பிளேக் ஆணையம் பம்பாயில் நடத்திய ஆய்வுகள் அதனை உறுதி செய்தன. குற்றவாளி எலியும் தெள்ளும் என்றானதும் சுவர் விடுதலை பெற்றது. இது அறிவியலின் வெற்றி, ஐயமில்லை. ஆயினும் ஈரச் சுவரைச் சுகாதார அதிகாரி வந்து பார்க்க வேண்டியதற்கான முதன்மையான காரணமும் அத்துடன் வலுவிழந்தது.

முழுவதும் போய்விடவில்லை. காசநோயை முன்னிட்டு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்ற பேச்சு தொடர்ந்தது. டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே. பி. ஓர், அறையின் ஒளிக்கென 63½ பாகை விதியை வலியுறுத்தினார். கட்டடத்தின் உயரத்தில் பாதியளவு திறந்த வெளியேனும் பக்கத்தில் இருந்தால் அந்தக் கோணத்தில் வானம் தெரியும் என்பதே அதன் எளிய கணக்கு. அழகான வடிவியல்தான். ஆனால் 'சால்' எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்புகளின் ஈரம் வானத்திலிருந்து மட்டும் வரவில்லை. அறைக்குள்ளேயே ஒரு மூலையில் 'மோரி' இருக்கும். குளிப்பது, பாத்திரம் கழுவுவது, துணி அலசுவது எல்லாம் அங்கேதான். சமையல் நீராவியும் அதே அறையில். ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி உலர்வதும் அங்கேதான். மராத்தியில் இந்த ஈரத்திற்கு 'ஓல்' என்று பெயர். நம்மூரில் 'ஓதம்' என்போம். அறையில் எத்தனை பேர் என்பதை எண்ணிய கணக்கெடுப்புகள் பல உண்டு. மோரியை ஒட்டிய சுவரின் ஈரம் அத்தகைய அட்டவணைகளில் இடம்பிடிப்பது அரிது.

இதற்கிடையே வாடகை அரசியல் வேறொரு திசையில் நகர்ந்தது. முதல் உலகப்போர்க் கால நெருக்கடியில் 1918இல் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வாடகைகளை 1940 செப்டம்பர் நிலையில் நிறுத்தியது. குடியிருப்பவரைத் தெருவில் நிறுத்தாமல் காத்ததில் அச்சட்டத்தின் பங்கு பெரிது. அதைக் குறைத்துப் பேசுவோருடன் நான் உடன்படுவதில்லை. எனினும் ஈரச் சுவரைப் பொறுத்தவரை அது ஒரு முட்டுச்சந்தை உருவாக்கியது. இத்தொகையில் பழுது பார்க்க இயலாது என்றார் உரிமையாளர். வெளியேறினால் இந்த வாடகைக்கு வேறு இடம் கிடைக்காது என்று குடியிருப்பவர் பொறுத்துக்கொண்டார். கட்டடங்கள் இடிந்து விழத் தொடங்கியபோது 1969இல் பழுதுபார்ப்பு வாரியச் சட்டம் வந்தது; ஏறத்தாழ 19,600 கட்டடங்கள் சிறப்பு வரியின் கீழ் வந்தன. வாரியத்தின் அக்கறை இடிந்து விழாமல் தாங்குவது. உத்தரத்தில் விரிசல் என்றால் கோப்பு நகரும். உத்தரம் உறுதியாக இருந்து, அதன் கீழே உறங்கும் குழந்தைக்கு இரவெல்லாம் இளைத்தால் அதற்கு அங்கே கோப்பு இல்லை.

மருத்துவம் திரும்பி வந்த பாதையும் சுவையானது. மான்செஸ்டரின் சார்ல்ஸ் பிளாக்லி, கன்னிங்ஹாமின் நூல் வெளிவந்த அதே 1873இல், ஈர வைக்கோலில் வளர்ந்த பூஞ்சையின் வித்துகளை முகர்ந்து தமக்கே தொண்டை கட்டியதைப் பதிவு செய்தார். 1924இல் லெய்டனின் ஸ்டார்ம் ஃபான் லீயூவன், ஈர நிலப்பகுதிகளில் ஆஸ்துமா மிகுதிப்படுவதை வீட்டுக் காற்றிலுள்ள பூஞ்சையோடு இணைத்தார். அக்காரணிகளைக் குறிக்க அவர் கையிலெடுத்த சொல் 'மயாஸ்ம்': நுண்ணுயிர்க் கொள்கை புதைத்துவிட்ட பழைய நச்சுக்காற்றின் அதே பெயர்!

2009இல் உலக சுகாதார நிறுவனம் வீட்டு ஈரம், பூஞ்சை குறித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. ஈரமான வீடுகளில் வசிப்போருக்கு இருமல், இழுப்பு, மூச்சுத்திணறல், சுவாசத் தொற்று, ஆஸ்துமா தோன்றுதலும் மோசமாதலும் மிகுதி என்பதற்குப் போதிய சான்று உண்டு என்பது அதன் முடிவு. 'இத்தனை வித்துகள் வரை தீங்கில்லை' என்று ஒரு வரம்பெண்ணை அது வகுக்கவில்லை. ஈரத்தையே நீக்குக என்றது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலில் கடுமையான ஒவ்வாமை நோயை விளைவிக்கிறது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர் போன்ற எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அதே பூஞ்சை உயிருக்கே ஆபத்தான தொற்றாகலாம். இன்னொரு பக்கம், 'கறுப்புப் பூஞ்சை நஞ்சு' என்ற பீதியை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கைக்குழந்தைகளின் நுரையீரல் இரத்தக்கசிவை அத்தகைய பூஞ்சையோடு தொடர்புபடுத்திய முடிவை, மறு ஆய்வுக்குப் பின் 2000இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே நிறுவப்படாதது என்றது. சுவரில் தெரிவது எந்த நிறமாயினும் செய்யவேண்டியது ஒன்றுதான்.

பிளேக் காலத்தின் சுண்ணாம்பை நினைத்துப் பார்க்கலாம். தெள்ளைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கில்லை. ஆனால் புதிதாக அடித்த சுண்ணாம்பு கடுங்காரத் தன்மையுடையது. பூஞ்சை அதன்மேல் எளிதில் வேரூன்றாது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடவும் செய்யும். தவறான நோய்க்குச் சரியான மருந்தொன்றை நகராட்சி தெருத்தெருவாகப் பூசியிருக்கிறது. இன்று பழைய செங்கல் சுவர்மேல் சிமென்டைப் பூசி அதன்மேல் எண்ணெய் வண்ணம் அடிக்கிறோம். சுவருக்குள் நுழைந்த நீர் வெளியேற வழியின்றி வேறிடத்தில் உப்பாகவும் பூஞ்சையாகவும் பூக்கிறது. தேவைப்பட்டால் கட்டடத்தைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடிக்குமாறு ஆணையிட ஆணையருக்கு அதிகாரம் தரும் 1888ஆம் ஆண்டு மும்பை நகராட்சிச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. சட்டம் படிக்கும் மாணவர்கள் யாரேனும் அந்தப் பிரிவின் வரலாற்றை ஆய்வுக்கு எடுத்தால் மகிழ்வேன்.

இன்றைய குடியிருப்பவரின் கையில் என்ன இருக்கிறது? 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 108ஆம் பிரிவு: உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை அறிவிப்புக்குப் பின்னும் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் 'கடமைப்பட்ட' என்ற சொல் ஒப்பந்தத்தைச் சார்ந்து நிற்கிறது. 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டம் 15 நாள் அறிவிப்புக்குப் பின் இதே உரிமையை அளித்து, கழிவை ஆண்டு வாடகையில் நான்கில் ஒரு பங்குக்குள் நிறுத்துகிறது. 2021ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டம் கட்டமைப்புப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல் மூன்றையும் உரிமையாளரிடம் ஒப்படைக்கிறது. மாத வாடகையில் பாதிவரை கழிக்கலாம் என்றும், வாழ முடியாத நிலையெனில் 15 நாள் அறிவிப்புடன் வெளியேறலாம் என்றும் கூறுகிறது. அது மாநிலங்கள் ஏற்றால்தான் சட்டம். ஈரமோ பூஞ்சையோ அதன் அட்டவணையில் பெயரிட்டுச் சொல்லப்படவில்லை. இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் வாடகைக் குடியிருப்பொன்றில் பூஞ்சையால் ஒரு குழந்தை இறந்தபின், 2023இல் அக்குழந்தையின் பெயராலேயே காலக்கெடு விதிக்கும் சட்டம் பிறந்தது. நம்மிடம் இன்னும் அத்தகைய கெடு இல்லை.

நடைமுறையில், பூஞ்சையைத் துடைப்பதற்கு முன் தேதியுடன் படம் எடுத்துவையுங்கள். நீர் வரும் வழியைக் கண்டறியுங்கள்: மேல்வீட்டுக் குளியலறையா, வெளிச்சுவரா, பொதுக் குழாயா என்பதைப் பொறுத்தே யார் பழுது பார்ப்பது என்பது முடிவாகும். வீட்டுவசதிச் சங்கத்தில் நீங்கள் உறுப்பினர் அல்லர்; ஆகவே உரிமையாளர் வழியாக எழுத்தில் முறையிடச் செய்யுங்கள். வித்துகளை எண்ணும் ஆய்வகச் சோதனைக்குப் பணம் செலவிடத் தேவையில்லை. சோப்பு நீரால் துடைக்கும்போது முகக்கவசம் அணிக. ஆஸ்துமா உள்ளவர் அந்த அறையில் இருக்கவேண்டாம். ஈரம் நிற்குமுன் அதன்மேல் வண்ணம் அடிக்க விடாதீர்கள். மருத்துவரிடம் செல்லும்போது வீட்டுச் சுவரைப் பற்றியும் சொல்லுங்கள். அவர் கேட்காமல் இருக்கக்கூடும்.

ஆராய்ச்சி மாணவர்களாகிய நம்மில் பெரும்பாலோர் 11 மாத 'லீவ் அண்ட் லைசன்ஸ்' ஒப்பந்தத்தில் வாழ்பவர்கள். அக்டோபரில் வெள்ளையடித்த வீட்டை நவம்பரில் பார்த்துக் குடிபுகுந்தால், சுவரின் உண்மை ஜூலையில்தான் தெரியும். செப்டம்பரில் ஒப்பந்தம் முடிந்துவிடும். ஆனால் உரிமம் பெற்றவருக்கென்றும் ஒரு பாதுகாப்பு 1882லேயே எழுதப்பட்டிருக்கிறது. தாம் அறிந்ததும் உரிமம் பெறுபவர் அறியாததுமான, உடலுக்கோ உடைமைக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய குறையை உரிமம் தருபவர் சொல்லியாக வேண்டும் என்கிறது வசதியுரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை வாட்சப்பிலாவது எழுத்தில் கேட்டுவையுங்கள்: சென்ற மழைக்காலத்தில் எந்தெந்தச் சுவரில் ஈரம் வந்தது?