கோலின் மறுமுனை

கடலூரோடு இன்று ஒன்றாகக் கலந்துவிட்ட திருப்பாதிரிப்புலியூரும், அதற்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் பெரும்பற்றப்புலியூர் என்னும் பழம்பெயர் பூண்டு விளங்கும் சிதம்பரமும், தம் பெயர்களிலேயே ஒரு முனிவருடைய காலைச் சுமந்துகொண்டிருக்கின்றன என்பதை, அவ்வூர்களிலே பிறந்து வளர்ந்தவர்களில்கூட நின்று நினைப்பவர் சிலரே. வண்டு தீண்டுமுன் இறைவனுக்கு மலர் பறிக்க விழைந்து, பனியில் வழுக்கும் மரங்களில் ஏறுவதற்கு மானிடக் கால் உதவாமையால், புலியின் காலை வரமாக வேண்டிப் பெற்றார் வியாக்கிரபாதர் என்பது புராணம். அவர் வழிபட்ட ஊர்கள் புலியூர்கள் ஆயின. பாதிரிப்புலியூருக்கோ இன்னுமொரு கால்கதை உண்டு. சாபத்தால் முயலான மங்கண முனிவர் இங்கே அச்சாபம் நீங்கப் பெற்றார் என்று தலபுராணம் கூறும். கால் முடங்கிய முயலுக்கு இறைவன் அருளிய செய்தியைத் திருஞானசம்பந்தரும் இத்தலத்துப் பதிகத்தில் குறித்திருக்கிறார்.

ஆனால், கால் மாறிய மறுநாள் வியாக்கிரபாதருக்கு எப்படி இருந்தது? எத்தனை நாள் அயர்ந்து கிடந்தார்? யார் கைகொடுத்து எழுப்பினார்? புராணம் அதைச் சொல்லவில்லை. இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு வீடு திரும்பிய பெரியவர்களுடைய கட்டிலருகே அமர்ந்திருந்த நாட்களில், சொல்லாமல் விடப்பட்ட அந்தப் பகுதியே என் நெஞ்சை மிகுதியாகப் பற்றிக்கொண்டது. சிகிச்சையின் சரித்திரத்தை எழுதியவர் பலர். சிகிச்சைக்குப் பின் வரும் அசதியின் சரித்திரம் எழுதப்படாமலே கிடக்கிறது.

முன்னாளில் தென்னார்க்காட்டு வீடுகளில் முதியவர் ஒருவர் ஈர முற்றத்திலோ கிணற்றடியிலோ வழுக்கி விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்துபோனால், அதன் பிறகு நடப்பது இன்னதென்று ஊருக்கே தெரியும். "விழுந்தாங்க, படுத்தாங்க, அப்புறம் எழுந்திருக்கல" என்னும் மூன்றே சொற்றொடர்களில் அந்த வரலாறு முடிந்துவிடும். எலும்பு கட்டும் வைத்தியர் வருவார். மூங்கிற் பத்தையும் துணியும் முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் கொண்டு கட்டுவார். கை முறிவிலும் கணுக்கால் முறிவிலும் அக்கட்டுக்கள் கூடிவந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் தசைகளின் ஆழத்தில் புதைந்து, ரத்த ஓட்டமும் சொற்பமாக உள்ள அந்தத் தொடையெலும்புக் கழுத்து வெளிக்கட்டுக்கு வசப்படாது. சுசுருத சம்ஹிதையை இயற்றியவர் இதன் சிரமத்தை உணர்ந்திருக்கவேண்டும். கால், தொடை முதலியன முறிந்தவர்களைப் பலகையிற் கிடத்தி, அசையாவண்ணம் முளைகள் அறைந்து கட்டும் கபாடசயனம் என்னும் முறையை அவர் வகுத்தார். அசையாதிருத்தலே அன்றைய மருந்து. அந்த மருந்தே வாரங்கள் செல்லச் செல்லப் படுக்கைப்புண்ணாகவும் நெஞ்சுச் சளியாகவும் மாறி உயிரை வாங்கிற்று.

தமிழில் தேறுதல் என்பது நோயிலிருந்து உடல் மீள்வதையும் குறிக்கும், துயருற்ற மனத்துக்கு ஆறுதல் கூறுவதையும் குறிக்கும். "உடம்பு தேறி வருது" என்பதும், "போய் நாலு வார்த்தை தேறுதல் சொல்லிட்டு வா" என்பதும் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. முறிந்த இடுப்பைச் சரிசெய்ய இயலாத காலத்தில் நம் முன்னோர் கையில் எஞ்சியிருந்தது இரண்டாவது பொருள் ஒன்றுதான். முதற்பொருளை மீட்டுக் கொடுத்தது உலோகமும் நெகிழியும்.

அதற்கும் முன்னே தந்தம் இருந்தது. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெர்லின் நகரத்து ரணவைத்தியர் தெமிஸ்டோக்ளஸ் க்ளுக் என்பவர் யானைத் தந்தத்தால் மூட்டுக்கள் செய்து மனித உடலில் பொருத்திப் பார்த்தார். நோயாளிகள் பலர் காசநோய் பற்றிய மூட்டுடையவர்கள் ஆகையால் சீழ் பிடித்து அம்முயற்சி தோற்றது. எழுபது ஆண்டு கழித்து, 1960-இல், மாந்தளை பொது மருத்துவமனையில் ஸான் பாவ் என்னும் பர்மியர், 83 வயதான பௌத்தத் துறவினி ஒருவருக்குத் தந்தத்தாலான தொடையெலும்புத் தலையைப் பொருத்தினார். 1969-இல் லண்டனில் ஆங்கிலேய எலும்பு மருத்துவர்கள் கூடிய சபையில் தம் தந்த மூட்டுக்கள் முந்நூறைக் குறித்து அவர் பேசியபோது, பெருவாரியான நோயாளிகள் நடமாடிக்கொண்டிருந்தனர். பர்மா என்றதும் நமக்கு ஓர் உறவு நினைவுக்கு வராமற் போகாது. அங்கே நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நடத்திய வட்டிக்கடைகளின் செல்வமே, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையாக, 1929-இல் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகமாக எழுந்தது; அப்பல்கலைக்கழகத்திலேதான் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தோன்றியது.

இன்று உலகெங்கும் வழங்கும் செயற்கை இடுப்பு மூட்டின் பிறப்பிடம் இங்கிலாந்தின் லங்காஷயர். காசநோய் மருத்துவமனையாக இருந்த ரைட்டிங்டனில் ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர், உலோகத் தண்டும் சிறு உருண்டையும், அவ்வுருண்டை அதிக உராய்வின்றித் திரும்பத்தக்க நெகிழிக் கிண்ணமும், இவற்றை எலும்போடு இறுக்குவதற்குப் பல் வைத்தியர்களிடமிருந்து கற்ற ஒருவகைச் சாந்தும் கொண்டு அம்மூட்டைச் சமைத்தார். முதலிற் கையாண்ட டெஃப்லான் சில ஆண்டுகளிலே தேய்ந்து, துகள்கள் திசுக்களைப் புண்ணாக்கின. தம்மை நம்பியவர்கள் மீண்டும் நொண்டி வருவதைக் கண்டு அவர் அடைந்த வேதனை சாமானியமன்று; அப்பொருளைத் தம் தொடையிலேயே புதைத்து அதன் தீமையைச் சோதித்தறிந்தார் என்றால் அவர் மனநிலையை நாம் ஊகிக்கலாம். அச்சமயம், நெசவாலைப் பல்சக்கரங்களுக்குரிய கெட்டியான பாலிஎத்திலீனை விற்கவந்த ஒருவர் கொண்டுவந்த துண்டைச் சார்ன்லியின் பட்டறைத் துணைவர் ஹாரி க்ரேவன் சோதனை இயந்திரத்தில் ஏற்றினார். அது தேய மறுத்தது. 1962 நவம்பரில் அப்பொருளாலான கிண்ணம் முதன்முதலாக ஒரு மனித இடுப்பில் அமர்ந்தது. கடலூர்க்காரனுக்கு இவ்விடத்தில் ஒரு கணம் மனம் நிற்கும். 1690-இல் எங்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கி அங்கிருந்து ஆங்கிலக் கும்பினியார் கப்பலேற்றியது இப்பக்கத்து நெசவாளர் நெய்த துணி. பின்னொரு நூற்றாண்டில் அந்நெசவை நசுக்கியது லங்காஷயர் ஆலை. அவ்வாலைகளுக்கென வந்த பொருளே இன்று எங்கள் கிழவிகளின் இடுப்பில் அமர்ந்து அவர்களை நடக்க வைக்கிறது.

அந்த மூட்டு நம் ஊர்களுக்கு வந்துசேர்ந்த கதையைச் சுருங்கச் சொல்லலாம். கடலூர்வாசிகளுக்குப் பெரிய சஸ்திர சிகிச்சை என்றால் நெடுங்காலம் சென்னைப் பட்டணமோ புதுச்சேரியோதான். 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்து 1964-இல் ஜிப்மர் ஆன நிறுவனம் இன்றும் இம்மாவட்டத்தார்க்குப் புகலிடம். சிதம்பரத்து மருத்துவக் கல்லூரி 2021-இல் அரசின் சுகாதாரத் துறை வசமாகிப் பின் கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. 2009-இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் அதனிடத்தே வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், நிலத்தை விற்றாலன்றிக் கிட்டாதிருந்த இந்த மூட்டை ஏழை வீட்டுக்கும் கொண்டுவந்தன.

மூட்டு வந்தது, அசதியும் உடன் வந்தது. வலிக்கு அஞ்சித்தான் எல்லோரும் மருத்துவமனைக்குப் போகிறார்கள்; வலியோ பல பேருக்குச் சில தினங்களிலேயே வியக்கத்தக்கவாறு தணிந்துவிடுகிறது. அவர்கள் எதிர்பாராதது, வீடு திரும்பிய இரண்டாம் வாரத்தில், பல் துலக்கிவிட்டு நாற்காலிக்கு வருவதற்குள் அன்றைய பலமெல்லாம் தீர்ந்துவிட்டாற்போல் வரும் அந்த ஆயாசம். "வலி இல்லப்பா, ஆனா ஒண்ணும் முடியல" என்று சொல்லும்போது ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவர்களைப்போல் அவர்கள் தலைகுனிகிறார்கள். வெட்கப்பட இதில் ஏதுமில்லை. அறுவையின்போது வெளியே போன ரத்தமும், தசைக்குள்ளே ஒளிந்து தேங்கிய ரத்தமும் சேர்ந்து உடலின் சேமிப்பைக் குறைத்துவிடுகின்றன. சிவப்பணு ஒன்றின் ஆயுள் 120 நாள். இழந்த கூட்டத்தை எலும்பு மஜ்ஜை மீண்டும் பெருக்குவதற்கு வாரங்கள் வேண்டும், இரும்புச்சத்தும் வேண்டும். ரணத்தை ஆற்றும் வேலையும் உடலின் சக்தியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. ஒருக்களித்துப் படுத்தே பழகியவரை மல்லாந்தே படுக்கச் செய்து கால்களுக்கிடையே தலையணையும் வைத்தால் உறக்கம் துண்டு துண்டாகிறது, வலி மாத்திரை மயக்கத்தையும் மலச்சிக்கலையும் தருகிறது, பசி மந்தமாகிறது. இவ்வளவுக்கும் மேலே, வாக்கரைப் பிடித்து நடக்கும் நடை, பழைய நடையைக் காட்டிலும் அதிக சக்தியைத் தின்னும் நடை. ஆறு வாரத்தில் பலர் தெளிகிறார்கள். மூன்று மாதத்தில் பழைய அலுவல்களுக்குத் திரும்புகிறார்கள். முழுப்பலமும் வந்துசேர ஓராண்டு ஆவதும் உண்டு. ஆனால் நாளுக்கு நாள் குறையாமல் ஏறுகிற அசதியும், மூச்சுத்திணறலும், காய்ச்சலும், ஒருபக்கக் கெண்டைக்கால் வீங்கி நோவதும் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுக்கு அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்.

சிதம்பரத்திலே தில்லைக் கூத்தன் திருவுருவின்முன் நிற்கும்போது இந்த அசதிக்கு இன்னொரு விளக்கமும் கிடைக்கிறது. இடக்காலைத் தூக்கி, வலக்காலொன்றில் முழுமேனியையும் தாங்கி நிற்கும் கோலம் அது. மனிதன் ஒரு காலில் நிற்கும் கணத்தில் அவ்விடுப்பு மூட்டின்மேல் அவன் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் ஏறுகிறது. மறுபக்கம் சரிந்துவிடாமல் இடுப்பைப் பிடித்துநிறுத்தும் பிட்டத்துப் பக்கத்தசைகளின் இழுப்பே இதற்குக் காரணம். அத்தசை தளர்ந்தவர் அடிதோறும் ஒருபுறம் சாய்வதை ட்ரெண்டலன்பர்க் என்னும் ஜெர்மானியர் 1895-இல் விளக்கினார். நடை என்பது வேறென்ன? ஒற்றைக்காலில் நிற்றலை மாறி மாறிச் செய்வதே நடை. ஆதலால் மூட்டை மாற்றியவர் பத்தடி நடப்பதென்றால், தளர்ந்த தசையைக்கொண்டு ஐந்து முறை அத்தாண்டவத்தை நிகழ்த்துகிறார் என்றே நான் கொள்வேன். அதே ஆலயத்தில், நடராஜர் சந்நிதிக்கு அருகிலேயே கோவிந்தராஜப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். ஓரிடத்தில் நின்றபடியே, ஆடுபவனையும் கிடப்பவனையும் சேர்த்துத் தரிசிக்கலாம். ஒவ்வொரு நடைக்கும் பின்னே ஒரு கிடை வேண்டுமென்று பிசியோதெரபி கற்றவர்கள் வற்புறுத்தும்போதெல்லாம் எனக்கு அந்த இடம் ஞாபகம் வரும்.

நம் வீடுகள் இந்த மூட்டை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல. பாயில் உறங்கி, பலகையில் அமர்ந்து உண்டு, அரிவாள்மணையின்முன் ஒரு காலை மடித்துக் காய் நறுக்கி, குனிந்து கோலமிட்டு, குந்தி மலங்கழித்து வாழ்ந்த சரீரத்தைப் பார்த்து, "சம்மணம் போடாதீங்க, கால்மேல கால் போடாதீங்க, முழங்கால் இடுப்புக்கு மேல வராம உட்காருங்க" என்றால், அவ்வுபதேசம் ஒரு வாழ்க்கை முறையையே மாற்றச் சொல்வதாகும். செயற்கைக்கால் செய்த ஜெய்ப்பூர்க்காரர்கள் 1968-ஐ ஒட்டி இந்தியன் குந்துவான், வெறுங்காலோடு நடப்பான் என்பதை மனத்திற்கொண்டே காலைச் சமைத்தார்கள். இடுப்பு மூட்டோ மேலைநாட்டு நாற்காலியின் உயரத்தைக் கொண்டே வந்தது. எத்தனையோ கிராமத்து வீடுகளில் உயரமான கட்டிலும் மேனாட்டுக் கழிப்பிடமும் நுழைந்தது நாகரிகத்தின் பொருட்டன்று. ஒரு பாட்டியின் இடுப்பின் பொருட்டே. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை, அழகில்லாத அப்பொருளை, நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

உணவு விஷயத்தில் நம் பழக்கம் பாதி நன்று, பாதி தீது. ஒரு மண்டலம் உடம்பைப் பேணவேண்டும் என்ற பழங்கணக்கு, ஆறு வாரம் என்னும் மருத்துவர் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போவதை எண்ணி மகிழலாம். தேவனாம்பட்டினத்துக் கடற்கரை வீடுகளிலிருந்து வரும் சுறாப்புட்டும், முருங்கைக்கீரையும், நல்லெண்ணெய் விட்ட உளுந்தங்களியும், பிரண்டைத் துவையலும் தேய்ந்த தசைக்கும் குறைந்த ரத்தத்துக்கும் தீங்கானவை அல்ல. பத்தியம் என்று சொல்லி முட்டையையும் மீனையும் தயிரையும் விலக்கி, வெறும் கஞ்சியில் முதியவரை வாட்டுவதுதான் பெருந்தீங்கு. புரதமின்றித் தசை எங்கிருந்து வரும்? அன்பு மிகுதியால் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்து அறுத்த தொடையை உருவிவிடுவதும் கூடாது. ரத்தக்குழாயில் உறைந்து நிற்கும் கட்டி ஒன்று அவ்வுருவலால் நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடக்கூடும்.

படுக்கவைத்தே காக்கவேண்டும் என்னும் பழைய தயையும், மறுநாளே எழுப்பி நடத்தவேண்டும் என்னும் புதிய தயையும் சந்திக்கும் இடம் ஆஸ்பத்திரி அன்று, வீடே. சார்ன்லியின் காலத்திலும் தொடக்கத்தில் நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். இன்று அறுவை நடந்த அன்றோ மறுநாளோ எழுப்பி நிற்கவைத்துவிடுகிறார்கள். ஆனால் மூன்றாம் வாரத்தில், மழை பெய்யும் ஒரு பிற்பகலில், "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லும் கிழவரை எழுப்புவதற்கு யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முதியவர் இருவர் மட்டுமே வாழும் வீடுகள் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரத்து வீதிகளிலும் இன்று எத்தனை! 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ்ப் பிசியோதெரபி செய்பவர் வீடு தேடி வருகிறார் என்பது என் வரையில் புதிய மூட்டுக்கு எவ்வகையிலும் தாழ்ந்த செய்தியன்று. அவர் வராத நாட்களில் அவ்வேலை கணவனுக்கோ மனைவிக்கோ உரியது.

இதைச் சொல்லும்போது தில்லையில் வாழ்ந்த வேட்கோவர் ஒருவர் கண்முன் வருகிறார். மனைவியின் ஆணையை மீறாது, ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் தீண்டாமலே மூப்படைந்த திருநீலகண்ட நாயனார், சிவயோகியாக வந்தவர் ஒப்புவித்துக் காணாமற்போன திருவோட்டைப் பற்றிய வழக்கில், மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கவேண்டுமென்று பணிக்கப்பட்டபோது, மூங்கிற்கோல் ஒன்றின் ஒருமுனையைத் தாம் பற்றி மறுமுனையை அவளைப் பற்றச்செய்து இறங்கினார். இருவரும் இளமை பெற்று எழுந்தனர் என்று சேக்கிழார் பாடியிருக்கிறார். அக்குளமும் இளமையாக்கினார் கோயிலும் சிதம்பரத்தில் இன்றும் உள்ளன. தை மாத விசாகம் அந்நாயனாருக்குரிய நாள். ஆனால் இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் அவ்வாறு பாசி படிந்த படிகளில் இறங்கலாகாது. தீர்த்தக்கரைகளில் நாம் வழக்கமாகக் காண்பதுபோல், அவர்கள் மேற்படியிலேயே கைக்கோலை ஊன்றி நிற்க, கீழே இறங்கியவர்கள் உள்ளங்கையில் ஏந்திவரும் நீரை அவர்கள் தலையில் தெளிக்கிறார்கள்.