குறைந்த பட்ஜெட்டில் கேமிங் பிசி: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

கோலார் தங்கவயலில் இருந்துகொண்டு ஒரு கேமிங் பிசி அசெம்பிள் செய்ய நினைக்கிறீர்களா? பலரும் போகும் வழி இதுதான். மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, பங்காருபேட்டை வழியாக பெங்களூரு. அங்கே டவுன் ஹால் பக்கம் கம்ப்யூட்டர் கடைகள் வரிசைகட்டி நிற்கும் எஸ்.பி. ரோடு. போக மட்டுமே சுமார் 100 கிலோமீட்டர்.

2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, கேஜிஎஃப் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்காக தினமும் போய்வரும் பாதையும் இதுவே. அதனால் வாங்கிய ஒரு பார்ட் பொருந்தவில்லை என்றால் காசோடு சேர்த்து ஒரு லீவு நாளும் போச்சு.

'எது பெஸ்ட்?' என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போனால் பட்ஜெட் தாண்டிவிடும். 'எதை பிறகு மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்ற முடியாது?' என்று கேளுங்கள். பிறகு மாற்ற முடியாததில் இப்போதே செலவு செய்யுங்கள், மாற்ற முடிந்ததில் மிச்சம் பிடியுங்கள்.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

மதர்போர்டின் சாக்கெட்டை. ப்ராசஸர், ரேம் இரண்டையும் தீர்மானிப்பது அதுதான்.

ஏஎம்டி-யில் இப்போது இரண்டு வழிகள். ஏஎம்4 பழையது, டிடிஆர்4 ரேம் மட்டும்தான் எடுக்கும். 2022-ல் வந்த ஏஎம்5-ல் டிடிஆர்5 மட்டும்தான். இன்டெலின் எல்ஜிஏ1700 போர்டுகளில் சில டிடிஆர்4, சில டிடிஆர்5. ஒன்றுக்கான ரேம் இன்னொன்றின் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது.

ஏஎம்5-க்கு 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. காசு இருந்தால் அது நீண்டகாலத்துக்கு நல்லது. பட்ஜெட் இறுக்கம் என்றால் ஏஎம்4 இன்னும் கைகொடுக்கும். ஆனால், 2025 இறுதியில் ஏஐ தரவு மையங்களின் தேவையால் ரேம் விலை எகிறியது. எனவே ரேம் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகே போர்டை முடிவு செய்யுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் தொடங்கலாமா?

தாராளமாக. ரைசன் 5 5600ஜி போன்ற ப்ராசஸரில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. வேலோரன்ட் மாதிரி லேசான கேம்களை 1080பி-யில், செட்டிங்ஸைக் குறைத்து வைத்து நன்றாகவே ஆடலாம். சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேம்களை எதிர்பார்க்காதீர்கள். போனஸ் வரும்போது கார்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. இன்டெலின் ஐ3-12100எஃப் விலைக்கு நல்ல ப்ராசஸர்தான், ஆனால் கடைசியில் இருக்கும் 'எஃப்' எழுத்துக்கு உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். 'ஜி' இல்லாத ரைசன் 5 5600-லும் கிடையாது. கார்டை பிறகு பார்த்துக்கலாம் என்று இவற்றில் ஒன்றை வாங்கி வந்தால், வீட்டில் மானிட்டர் கறுப்பாகவே இருக்கும்.

ரேம்: ஒன்றா, இரண்டா?

16 ஜிபி-யை ஒரே ஸ்டிக்காக வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு சேனலில் தரவு போய்வரும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பிசி, மெமரிக்கு இந்த ரேமையேதான் நம்பியிருக்கிறது. அதனால் அங்கே வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அசெம்பிள் ஆனதும் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் 3200 வேகத்துக்குக் காசு கொடுத்த ரேம் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரே பெயர், இரண்டு கார்டு

கிராஃபிக்ஸ் கார்டில் பெயரை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு இருக்கின்றன. மெமரி அளவு மட்டுமல்ல, 6 ஜிபி கார்டில் கோர்களும் குறைவு, மெமரி பஸ்ஸும் 128 பிட்டுக்குப் பதில் 96 பிட். ஆர்டிஎக்ஸ் 3060-லும் இதே கதைதான். 12 ஜிபி கார்டுக்கு 192 பிட், 8 ஜிபி கார்டுக்கு 128 பிட்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலையில் ஆசை காட்டும். அது நான்கு பிசிஐஇ லேன்களில் மட்டுமே பேசும், அதன் வழக்கமான மாடலில் மெமரியும் 4 ஜிபி-தான். பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டிலோ, 5600ஜி-யுடனோ போட்டால் வேகம் இன்னும் அடிவாங்கும். 8 ஜிபி மெமரியும் எட்டு லேன்களும் உள்ள ஆர்எக்ஸ் 6600 வகை கார்டுக்குச் சேர்த்து வைப்பது நல்லது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? கேஜிஎஃப்காரர்களுக்கு 'மைனிங்' என்றால் வேறு அர்த்தம். ஆனால் 2022 செப்டம்பரில் எத்தீரியம் முறை மாறும் வரை, கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளம். அவற்றில் பல பழைய சந்தைக்கு வந்தன. கண் முன்னால் அரை மணி நேரமாவது கனமான கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

எதில் கைவைக்கவே கூடாது?

எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு 'இலவசமாக' வருவது, பெயர் தெரியாத பிராண்டில் '500 வாட்' ஸ்டிக்கர் ஒட்டியது, இரண்டும் வேண்டாம். ஒரு ரேம் கெட்டால் ரேம் மட்டும்தான் போகும். மோசமான எஸ்எம்பிஎஸ் கெட்டால் மதர்போர்டு, கார்டு எல்லாவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகலாம்.

கணக்கு எளிது. ஆர்எக்ஸ் 6600 சுமார் 132 வாட், ப்ராசஸர் அதிகபட்சம் சுமார் 90 வாட், மற்றவை 50 முதல் 60 வாட். மொத்தம் 300-ஐத் தாண்டாது. நம்பகமான பிராண்டில் 550 வாட் வாங்கினால் அடுத்த கார்டுக்கும் இடம் இருக்கும். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்தைச் சொல்வதில்லை. அதனால் வாரன்டி எத்தனை வருடம் என்றும் பாருங்கள்.

காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு 1902-லேயே மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூருக்கு வந்தது 1905-ல்தான். ஆனால் அது சுரங்கத்துக்காக வந்த மின்சாரம். பழைய லைன் வீடுகளின் வயரிங்கை கேமிங் பிசி-யை நினைத்து யாரும் போட்டிருக்க மாட்டார்கள். பிளக் பாயின்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். யுபிஎஸ் வாங்கினால் விஏ-வைப் பார்க்காமல் வாட்டைப் பாருங்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கார்டும் மானிட்டரும் சேர்ந்தால் அது விளிம்பில் நிற்கும்.

பழைய ஆபீஸ் பிசி வாங்கி கார்டு போட்டால்?

மலிவுதான். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் 8-ம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 11-ல் வேலோரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் கட்டாயம். இதெல்லாம் இல்லாத நான்காம் தலைமுறை ஐ5, என்ன விலைக்குக் கிடைத்தாலும் லாபம் இல்லை.

காசு கொடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

1. இந்த ப்ராசஸரை இந்த போர்டு அப்படியே எடுக்குமா, பயாஸ் அப்டேட் வேண்டுமா? பழைய பி450 போர்டில் ரைசன் 5000 வரிசைக்கு இது முக்கியம்.
2. கார்டின் நீளத்துக்கு கேபினெட்டில் இடம் இருக்கிறதா? முன்பக்கம் காற்று போக வழி இருக்கிறதா?
3. எஸ்எம்பிஎஸ்-ல் கார்டுக்கான 8 பின் கேபிள் இருக்கிறதா?
4. வாரன்டி கடையிலா, கம்பெனி சர்வீஸ் சென்டரிலா?
5. ஜிஎஸ்டி பில் உண்டா?

கடைசிக் கேள்வியில்தான் பலர் வழுக்குகிறார்கள். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 40,000 ரூபாய் பொருளுக்கு வரி மட்டும் 7,200 ரூபாய். 'பில் இல்லாம எடுத்துக்கங்க' என்று சொன்னால் மனம் தடுமாறும். ஆனால் ஒரு வருடம் கழித்து கார்டு படுத்தால், சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது பில்லைத்தான்.

முடிந்தால் கடையிலேயே அசெம்பிள் செய்து, டிஸ்பிளே வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தனி கார்டு போட்டிருந்தால், வீட்டில் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். 'கார்டு வேலை செய்யல' என்று வரும் புகார்களில் இதுவும் ஒன்று. இதற்காக இன்னொரு முறை ரயில் ஏற வேண்டாம்.