அண்ணன் வீட்டு மினிடெல்

1991-ல் பாரீஸில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தொலைபேசிக்குப் பக்கத்தில் சின்ன டி.வி. மாதிரி ஒரு பெட்டி, முன்னால் எழுத்துப் பலகை. அண்ணி அதில் தட்டி ரயில் நேரம் பார்த்தார், ஊரில் யாருடைய தொலைபேசி எண்ணையும் எடுத்தார். மினிடெல் என்றார்கள். நம்மூரில் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்ற காலம் அது. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் பொறியாளர்களுக்குள் பெரிய சண்டை ஒன்று நடந்திருந்தது என்பது ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்தது. பள்ளியில் படித்த பிரெஞ்சு அதற்காவது பயன்பட்டது!

1970-களில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்ப, அதைச் சிறு துண்டுகளாக வெட்டலாம் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. வெட்டிய துண்டு எப்படிப் போக வேண்டும்? அங்கேதான் தகராறு.

தொலைபேசித் துறைக்காரர்கள், குறிப்பாக ரெமி தெப்ரே, முதலில் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு பாதை போட வேண்டும் என்றார்கள். துண்டுகள் அதில் வரிசையாகப் போகும். தொலையாமல் சேர்ப்பது வலையின் பொறுப்பு. நம் பழைய ட்ரங்க் கால் மாதிரி.

வெர்சாய் பக்கம் ரொக்காங்கூரில், அரசு ஆய்வு நிலையத்தில் 'சிக்லாத்' என்ற வலையைக் கட்டிய லூயி பூசான் இதை ஏற்கவில்லை. ஒவ்வொரு துண்டின் மேலும் முகவரி எழுதி விட்டுவிடு; எந்த வழியாகவோ போகட்டும்; முன்பின்னாக வரலாம், தொலையவும் செய்யலாம்; வாங்குகிற கணினி அடுக்கிக்கொள்ளும், விட்டுப்போனதைக் கேட்டு வாங்கும். இதற்கு டேட்டாகிராம் என்று பெயர்.

தபால் பிரிவில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவனுக்கு இது உடனே புரிந்துவிடும். பத்துப் பக்கக் கோப்பைப் பத்துக் கவரில் அனுப்பினாலும் பக்க எண் இருந்தால் அடுக்கிவிடலாம். ஏழாம் பக்கம் வரவில்லையா, நினைவூட்டுக் கடிதம் போடு. தபால்காரருக்கு உள்ளே இருப்பது தெரிய வேண்டியதில்லை. ஆனால் 'தொலைந்தால் யார் பொறுப்பு?' என்று கேட்காத அதிகாரி எந்த அலுவலகத்திலும் கிடையாது. தெப்ரே தரப்பின் கேள்வியும் அதுதான், நியாயமான கேள்வி.

பூசானின் வலையில் துண்டுகளைக் கடத்திய பகுதிக்குச் 'சிகால்' என்று பெயர், அதாவது சிள்வண்டு. இயந்திரங்களில் ஒலிபெருக்கி மாட்டியிருந்தார்களாம். துண்டு கடந்து போகும்போதெல்லாம் கிர்ர்ர் என்று சத்தம். லா ஃபோந்தேனின் சிள்வண்டு-எறும்புக் கதையை மனப்பாடம் செய்த நம் ஆட்களுக்கு, அந்தச் சிள்வண்டின் கதி என்ன ஆயிற்று என்பது ஞாபகம் இருக்கும்.

1973 நவம்பரில் சிக்லாத் இயங்கிக் காட்டியது. பூசானின் குழுவில் இருந்த ஜெரார் லெ லான் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் விண்ட் செர்ஃபோடு வேலை செய்தார். 1974-ல் செர்ஃபும் பாப் கானும் எழுதிய கட்டுரையில்தான் இன்றைய இணையத்தின் அடிப்படை இருக்கிறது; சிக்லாத்திலிருந்து எடுத்துக்கொண்டதைச் செர்ஃப் மறைக்கவில்லை. சொந்த நாட்டிலோ ஆட்சி மாறி, பணம் குறைந்தது. 1976-ல் உலகத் தொலைபேசி நிர்வாகங்களின் அமைப்பு, பாதை போடும் முறையையே எக்ஸ்.25 என்ற பெயரில் தரமாக ஏற்றது. 1978 டிசம்பரில் ட்ரான்ஸ்பாக் வலை திறந்தது. அண்ணி ரயில் நேரம் பார்த்தது அதன் வழியாகத்தான். 1981-ல் சிக்லாத்தை மூடிவிட்டார்கள்.

இதைச் சொல்லித் தெப்ரேயைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாதாரணக் குடும்பங்களின் கூடத்தில் அந்த வசதியைக் கொண்டுபோய் வைத்தது அவர் தரப்புதான்.

மினிடெல் சேவை 2012 ஜூன் 30-ல் நின்றது. அடுத்த வருஷம், எலிசபெத் அரசியார் பெயரிலான பொறியியல் பரிசை வாங்கிய ஐவரில் பூசானும் ஒருவர்.

தெப்ரே கதை அதற்கு முன்பே வேறு பக்கம் திரும்பியிருந்தது. இணையத்தின் பழைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான், அவை தீர்ந்துகொண்டிருந்தன. புது முகவரி முறைக்கு மாற எல்லோரும் தயங்கினார்கள். புது முகவரி எழுதிய கவரைப் பழைய முகவரி எழுதிய கவருக்குள் போட்டு அனுப்பும் எளிய வழி ஒன்றைத் தெப்ரே சொன்னார். 2007 கடைசியில் ஃப்ரீ என்ற பிரெஞ்சு நிறுவனம் ஐந்தே வாரத்தில் அதைத் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவிட்டது. ட்ரங்க் காலுக்கு வாதாடியவர், எதிர்த் தரப்பின் கவர்களுக்கு முகவரி தேடிக் கொடுத்தார்!

அண்ணன் வீட்டு நிலவறையில் அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதாம். தூக்கிப்போட அண்ணி விடவில்லை.